சண்டையா, விளையாட்டா? ஒரே வீட்ல ரெண்டு நாய்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா லேசா எடிட் செய்யப்பட்டிருக்கு.)

இன்னிக்கு எபிசோட், வீட்ல ரெண்டு நாய் வெச்சிருக்கிறவங்களுக்கு. ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்களும் உக்காந்து கேளுங்க, உங்களுக்கும் உதவும்.

போன மாசம் ஒரு மெயில் வந்துச்சு. பெரம்பூர்ல ஒரு அபார்ட்மென்ட், ரெண்டாவது மாடி. ஆறு வயசுல ஒரு லாப்ரடார், பேரு பிஸ்கட். அஞ்சு மாசம் முன்னாடி தெருவுல இருந்து ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. அதுக்கு இப்ப பத்து மாசம், பேரு கறுப்பி. மெயில் இப்படிப் போகுது: "அக்கா, சாயங்காலம் ஆனா போதும், ரெண்டும் கடிச்சு உருள ஆரம்பிச்சிடுது. கீழ் வீட்டுக்காரங்க ரெண்டு தடவை வந்து பெல் அடிச்சுட்டாங்க. கறுப்பியை ஊர்ல கொண்டுபோய் விட்டுடலாம்னு அப்பா சொல்றார். இது சண்டையா விளையாட்டா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க." கூடவே மூணு வீடியோ.

"ஊர்ல விட்டுடலாம்" அப்படிங்கிற வார்த்தையை நம்ம எல்லாருமே கேட்டிருப்போம். சொல்றவங்களுக்கு அதுல கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா ஃப்ளாட்ல வளர்ந்த ஒரு நாயை, ஏற்கெனவே நாலு நாய் எல்லை போட்டு வெச்சிருக்கிற தெருவுல இறக்கி விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால இந்தக் கேள்விக்கு அவசரமில்லாம, நல்லா பார்த்துட்டுப் பதில் சொல்லணும்னு நினைச்சேன்.

மூணு வீடியோவையும் பார்த்தேன். முதல் ரெண்டுல பயங்கர சத்தம். உறுமல், பல்லு, சோபா மேல இருந்து குதிக்கிறது, ஒண்ணு மேல ஒண்ணு விழுறது. மூணாவதுல சத்தமே இல்லை. அப்பாவைப் பயமுறுத்தினது முதல் ரெண்டு. எனக்குக் கவலை தந்தது மூணாவது. ஏன்னு சொல்றதுதான் இந்த எபிசோட்.

விளையாட்டுக்கும் இலக்கணம் உண்டு

நாய் விளையாட்டுல இருக்கிறதெல்லாம் சண்டையில இருந்து எடுத்த சாமான்தான். துரத்துறது, கடிக்கிறது, கழுத்தைப் பிடிக்கிறது, கீழ தள்ளி மேல ஏறி நிக்கிறது. அப்ப எதிர்ல இருக்கிற நாய்க்கு இது விளையாட்டுன்னு எப்படித் தெரியும்? அதுங்க சொல்லிக்கும்.

முன்னங்கால் ரெண்டையும் தரையில நீட்டி, பின்பக்கத்தை மேல தூக்கி, வாலை ஆட்டிக்கிட்டு ஒரு கும்பிடு போடும், பார்த்திருப்பீங்க. ஆங்கிலத்துல ப்ளே பௌன்னு சொல்வாங்க. அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல இருந்த மார்க் பெக்காஃப், நாய், ஓநாய், கயோட்டி மூணோட குட்டிகளும் விளையாடுறதைப் படம் பிடிச்சு ஆராய்ஞ்சார். 1995-ல வெளியான அவரோட கட்டுரை சொல்ற விஷயம் அழகானது. இந்தக் கும்பிடு எப்ப வேணும்னாலும் வர்றதில்லை. தலையை உதறி உதறிக் கடிக்கிற மாதிரி, தப்பா புரிஞ்சுக்க வாய்ப்புள்ள ஒரு செயலுக்கு முன்னாடியோ பின்னாடியோ அதிகமா வருது. "இப்பக் கடிச்சேனே, அது சும்மா, கண்டுக்காத" அப்படின்னு சொல்ற மாதிரி. எழுத்துல நாம கமா, முற்றுப்புள்ளி வைக்கிற வேலையை விளையாட்டுல இது செய்யுதுங்கிறார்.

இது தவிர இன்னும் சில அடையாளம் இருக்கு. வாய் தளர்வா திறந்திருக்கும். உடம்பு ரப்பர் மாதிரி வளையும், நேர்க்கோட்டுல பாயாது. தேவைக்கு மேல குதிக்கும், ஓவர் ஆக்டிங் பண்ணும். நடுநடுவுல தும்மும், உடம்பை உதறும், தண்ணி குடிக்கப் போகும், திரும்பி வரும். பெரிய நாய் தானா மல்லாக்கப் படுத்து, சின்னதை மேல ஏற விடும். நாம குழந்தையோட ஓடிப்பிடிச்சு விளையாடும்போது வேணும்னே மெதுவா ஓடுவோமே, அதேதான்.

"ரெண்டும் மாத்தி மாத்தி ஜெயிச்சாதான் நல்ல விளையாட்டு"ன்னு சிலர் கணக்கு வெச்சிருப்பாங்க. சரிபாதி வரணும்னு அவசியமில்லை. எரிகா பாவர், பார்பரா ஸ்மட்ஸ் ரெண்டு பேரும் 2007-ல வெளியிட்ட ஆய்வுல, ஜோடியா விளையாடுற நாய்கள் பலதும் சரிபாதி பங்கு போட்டுக்கலை. ஒண்ணு அதிகமா மேல இருந்துச்சு, ஆனாலும் விளையாட்டு நல்லாவே போச்சு. அதனால எத்தனை தடவை யார் மேல இருந்தாங்கன்னு எண்ணிக்கிட்டு இருக்காதீங்க.

உறுமலை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. பல நாய்ங்க விளையாட்டுல ஓயாம உறுமும். முதுகு மயிர் சிலிர்த்து நிக்கிறதும் அப்படித்தான். அது நாய் கிளர்ச்சியா இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. கோபமா சந்தோஷமான்னு சொல்லாது.

எதைப் பார்த்தா உஷாராகணும்

சத்தம் திடீர்னு நின்னு போறது. அசைவு மெதுவாகிறது. உடம்பு விறைச்சு, வாய் மூடி, கண்ணு நிலைகுத்திப் பார்க்கிறது. வால் மேல விறைப்பா நின்னு, நுனி மட்டும் வேகமா ஆடுறது. அதை "வால் ஆட்டுது, சந்தோஷமா இருக்கு"ன்னு எடுத்துக்கக் கூடாது. கீழ அமுக்கின நாயை விடாமலே நிக்கிறது. கழுத்தைக் கவ்வி உதறுறது. வலியில வீல்னு கத்தினதுக்கு அப்புறமும் நிறுத்தாம தொடர்றது.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். கீழ இருக்கிற நாய் என்ன சொல்லுது? வாலைக் காலுக்கு நடுவுல சொருகுதா? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உதட்டை நக்கிக்கிட்டே இருக்கா? சோபா பின்னாடி, கட்டில் அடியில, உங்க காலுக்கு நடுவுலன்னு போய் ஒளியுதா? ஒவ்வொரு தடவையும் அதே நாய்தான் ஒளியுதா?

அந்த மூணாவது வீடியோவுல இதுதான் இருந்துச்சு. கறுப்பி குதிக்குது, கும்பிடு போடுது, பிஸ்கட்டோட காதைப் பிடிச்சு இழுக்குது. அதுக்கு ஒரே குஷி. பிஸ்கட் வாயை மூடிக்கிட்டு சுவரைப் பார்த்துத் திரும்புது, உதட்டை நக்குது, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவுல உடம்பைத் திணிச்சுக்குது. ஒரு சின்ன உறுமல்கூட இல்லை. வீட்ல இருக்கிறவங்க, "பாரு, பிஸ்கட் எவ்வளவு பொறுமை"ன்னு சிரிக்கிறது வீடியோவுல கேக்குது. அது "போதும், விடு"ன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு.

கேட்டே பார்த்துடலாம்

சந்தேகம் வந்தா ஒரு சின்னச் சோதனை இருக்கு. ட்ரெய்னர்கள் ரொம்ப நாளா பயன்படுத்துறது. யார் ரொம்ப முரட்டுத்தனமா போறாங்கன்னு உங்களுக்குத் தோணுதோ, அந்த நாயைக் கூப்பிட்டு நிறுத்துங்க, இல்லைன்னா ஹார்னஸைப் பிடிச்சு அமைதியா சில நொடி நிறுத்துங்க. திட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம். இப்ப மத்த நாயைப் பாருங்க.

அது திரும்பி வந்து, "ஏன் நிறுத்திட்ட?"ன்னு மூஞ்சிகிட்ட குதிச்சா அது விளையாட்டு. விட்டுடுங்க. கிடைச்ச இடைவெளியில அது நழுவிப் போச்சுன்னா, விளையாட்டு முடிஞ்சுது. பிடிச்ச நாயை வேற வேலைக்குத் திருப்பிடுங்க.

ஒரு எச்சரிக்கை. இது விளையாட்டுல செய்ற சோதனை. நிஜ சண்டை நடக்கும்போது கையை உள்ள விட்டுச் செய்ற விஷயம் இல்லை.

அவங்க வீட்ல இதை ஒரு வாரம் செஞ்சு எழுதி வைக்கச் சொன்னேன். காலையில வாக்கிங் முடிச்சு வந்ததும் கறுப்பியை நிறுத்தினா, பிஸ்கட் திரும்பி வருது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நிறுத்தினா, பெரும்பாலும் போய் பாத்ரூம் வாசல்ல படுத்துக்குது. அதே ரெண்டு நாய், அதே விளையாட்டு. நேரம்தான் வேற. பிஸ்கட்டுக்குக் கறுப்பியைப் பிடிக்கலைன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. சாயங்காலம் அதுக்கு முடியலை.

ஏன் முடியலை? வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்ததுல இடுப்பு மூட்டுல தேய்மானம்னு சொல்லியிருக்காங்க. லாப்ரடார்கள்ல இது அடிக்கடி வர்ற பிரச்சினை. நாய் நொண்டினாத்தான் வலின்னு நினைக்காதீங்க. விளையாட்டை விட்டு விலகுறதும், வழக்கமா சாதுவா இருக்கிற நாய் திடீர்னு சீறுறதும்கூட வலியோட அறிகுறியா இருக்கலாம். பழக்கம் மாறினா முதல்ல டாக்டர்கிட்ட போங்க, அப்புறம் ட்ரெய்னர். நம்ம வீட்டு மருந்து டப்பாவுல இருக்கிற வலி மாத்திரை எதையும் நீங்களா கொடுக்காதீங்க. நமக்குச் சாதாரணமா இருக்கிற ஐபூப்ரோஃபென் நாய்க்கு விஷமாகும்.

வீட்டை மாத்துறது

எங்க வீட்லயும் ரெண்டு நாய் இருக்கு. நான் தினமும் செய்றதையும், அவங்களுக்குச் சொன்னதையும் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல தரை. நம்ம ஃப்ளாட்ல எல்லாம் வழவழன்னு டைல்ஸ். ஓடிவந்து திரும்புற நாய் வழுக்கி விழும், மூட்டுக்குக் கெடுதல். வழுக்குற நாய் பதற்றமாகும், பதற்றமான நாய் கடிக்கவும் செய்யும். ஹால்ல ஒரு இடத்துல அடியில ரப்பர் உள்ள மேட்டை விரிச்சு, விளையாட்டு அங்கதான்னு பழக்குங்க. கீழ் வீட்டுக்குப் போற தடதட சத்தமும் குறையும்.

ரெண்டாவது, கழுத்து பெல்ட். வீட்டுக்குள்ள விளையாடும்போது கழட்டிடுங்க. ஒரு நாயோட கீழ்த்தாடை இன்னொரு நாயோட பெல்ட்ல மாட்டி, பயத்துல உருண்டு முறுக்கிக்கிட்டா நிமிஷத்துல ஒண்ணு மூச்சுத் திணறும், இன்னொண்ணுக்குத் தாடை உடையும். அது நல்ல விளையாட்டுலயே நடக்கிற விபத்து.

மூணாவது, சண்டை மூட்டுற பொருள். 2011-ல அமெரிக்க கால்நடை மருத்துவ சங்க இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரே வீட்டு நாய்களுக்குள்ள நிஜமா சண்டை வந்து சிகிச்சைக்குக் கொண்டுவந்த 38 ஜோடிகளைப் பத்தினது. அதுல 79 சதவீதம் ஒரே பால் ஜோடி. சண்டையைத் தொடங்கினது பெரும்பாலும் வயசுல சின்னது, அல்லது வீட்டுக்குப் புதுசா வந்தது. சண்டையைக் கிளப்பின விஷயங்கள் எது தெரியுமா? வீட்டுக்காரங்க கவனம், சாப்பாடு, அதிக உற்சாகம், கீழ கண்டெடுத்த பொருள். சிகிச்சைக்கு வந்த வீடுகளை வெச்சு சொன்னது இது, எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனா எங்க கண் வைக்கணும்னு தெளிவா காட்டுது.

அதனால சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தனித்தனி ரூம்ல வைங்க. கறி சமைக்கிற ஞாயித்துக்கிழமை, எலும்பு விழுற சமையல்கட்டுப் பக்கம் விளையாட்டு வேண்டாம். வாசக் கதவு, சோபா இடுக்கு மாதிரி குறுகலான இடத்துல ரெண்டும் சேர்ந்து முட்டாம பார்த்துக்கங்க. டெலிவரிக்கு வந்தவர் பெல் அடிக்கிற நேரம், நீங்க ஆபீஸ்ல இருந்து உள்ள நுழையுற நேரம், இந்த ரெண்டு நிமிஷம்தான் பல வீட்ல சண்டை மூளுது. அப்ப ஒண்ணைக் கேட்டுக்குப் பின்னாடி நிறுத்துங்க. குழந்தைகளுக்குப் போடுற தடுப்புக் கேட்டே போதும்.

நாலாவது, கூப்பிட்டா வர்ற பழக்கம். விளையாட்டு உச்சத்துல இருக்கும்போது கூப்பிட்டா எந்த நாயும் வராது. தானா ஒரு சின்ன இடைவெளி வரும் பாருங்க, அப்பக் கூப்பிடுங்க. வந்தா ஒரு துண்டு வேகவெச்ச சிக்கன், ரெண்டுக்கும் தள்ளித் தள்ளி நின்னு கொடுங்க. கொடுத்துட்டு "போ"ன்னு திரும்ப விளையாட அனுப்புங்க. இந்தத் திரும்ப அனுப்புறதுதான் முக்கியம். கூப்பிட்டா விளையாட்டு போச்சுன்னு ஒரு தடவை கத்துக்கிட்டா, அடுத்த தடவை காதே கேக்காது. அடிக்கடி இப்படி இடைவெளி விட்டா, சூடு ஏறி சண்டையா மாறுறதுக்கு வாய்ப்பு குறையும்.

அஞ்சாவது, சின்ன நாயோட சக்தி எங்க போகுதுன்னு பாருங்க. பத்து மாசக் குட்டிக்கு ஏழு மணிக்கு வேற வேலை இல்லைன்னா, பெரிய நாய்தான் அதோட பொம்மை. ஏழு மணிக்கு முன்னாடி அதை மட்டும் தனியா கூட்டிட்டுப் போங்க. வேகமா நடக்க வேண்டாம், நின்னு நின்னு மோந்து பார்க்க விடுங்க. மூக்குக்கு வேலை கொடுத்தா நாய் நல்லா களைச்சுப் போகும். மழைன்னா பழைய துண்டுக்குள்ள சாப்பாட்டைத் தூவி, சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்க. சித்திரை, வைகாசி வெயில்ல பகல் நேர முரட்டு விளையாட்டை மொத்தமா நிறுத்திடுங்க. நாய்க்கு நம்மள மாதிரி வேர்த்து உடம்பு குளிராது, மூச்சிரைச்சுதான் சூட்டை வெளியேத்தணும்.

கடைசியா, பெரிய நாய்க்குக் குட்டி வர முடியாத ஒரு இடம் வேணும். அங்க அது படுத்திருந்தா வீட்ல யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. மனுஷங்களும்தான்.

உறுமினா திட்டாதீங்க

இதை அழுத்திச் சொல்லணும். பெரிய நாய் குட்டியைப் பார்த்து உறுமினதும், "ஏய், சும்மா இரு"ன்னு அதட்டுவோம். உறுமல்ங்கிறது எச்சரிக்கை மணி. திட்டித் திட்டி அந்த மணியைக் கழட்டிட்டா, அடுத்த தடவை மணி அடிக்காம நேரா கடிதான் வரும். உறுமினா நன்றியோட எடுத்துக்கிட்டு, குட்டியை அங்க இருந்து கூப்பிடுங்க. நீங்க எழுந்து வந்து உதவுறீங்கன்னு தெரிஞ்சா பெரிய நாய் பொறுமையைத் தாண்ட வேண்டிய அவசியமே வராது.

மூணு நாய் இருக்கிற வீட்ல கூடுதல் கவனம் வேணும். ரெண்டு விளையாடும்போது மூணாவது வந்து சேர்ந்தா, கீழ இருக்கிற நாய் மேலயே ரெண்டும் பாயுற வாய்ப்பு உண்டு. அப்ப மூணாவதைக் கூப்பிட்டுடுங்க.

நிஜமாவே சண்டை வந்துட்டா

நடுவுல கையை விடாதீங்க, கழுத்தைப் பிடிக்காதீங்க. அந்த நிமிஷத்துல யார் கைன்னு அதுக்குத் தெரியாது. எவர்சில்வர் தட்டைக் கீழ போடுங்க, ஒரு வாளித் தண்ணியை ஊத்துங்க, கெட்டிப் போர்வையைத் தூக்கிப் போடுங்க, தலையணையோ நாற்காலியோ நடுவுல தள்ளுங்க. பிரிஞ்சதும் வேற வேற ரூம். "சமாதானம் ஆகட்டும்"னு உடனே சேர்த்து விடாதீங்க.

ரோமத்தை விலக்கி உடம்பு பூரா தடவிப் பாருங்க. பல் குத்தின ஓட்டை வெளியில சின்னதா இருக்கும், உள்ள ஆழமா சீழ் பிடிக்கும். அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. உங்களுக்குக் கடி பட்டிருந்தா, வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானேன்னு விடாதீங்க. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க.

காயம் பட்ட சண்டை திரும்பத் திரும்ப வருதுன்னா, இந்த எபிசோட் போதாது. ரெண்டையும் பிரிச்சு வெச்சுட்டு, நாய் நடத்தையைப் புரிஞ்ச டாக்டர் ஒருத்தரோட உதவியை நேர்ல கேளுங்க. அந்த மாதிரி சில வீட்ல, ஒரு நாய்க்கு நல்லா விசாரிச்சு வேற வீடு தேடுறதுதான் ரெண்டுக்கும் நல்லதா இருக்கும். அது தோல்வி இல்லை. ஆனா அந்த முடிவை எடுக்கிறதுக்கு முன்னாடி அது சண்டைதானான்னு உறுதியா தெரியணும்.

பெரம்பூர் வீட்ல இப்ப காலையில விளையாட்டு, சாயங்காலம் கேட். பிஸ்கட்டுக்கு மாத்திரை போகுது. கறுப்பியை அப்பா தனியா வாக்கிங் கூட்டிட்டுப் போறார். ஊர்ப் பேச்சு நின்னுடுச்சான்னு கேட்டேன். "இப்போதைக்கு எடுக்கலை"ன்னு பதில் வந்துச்சு.

நீங்க இன்னிக்கு ராத்திரி செய்ய வேண்டியது ஒண்ணுதான். உங்க நாய்ங்க விளையாடும்போது ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. சத்தத்தை மியூட் பண்ணிட்டுப் பாருங்க. ஒரு தடவை ஒரு நாயை மட்டும், அடுத்த தடவை இன்னொரு நாயை மட்டும். ரெண்டு பேருக்கும் அந்த ஒரு நிமிஷம் பிடிச்சிருந்துச்சான்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வரட்டுமா!